வெற்று அழைப்பு

பிறந்தபோது வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி தெருவுக்கே அவள் 'அவசரம்'தான். அவசர உதவி மையத்தில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கீழ்வீட்டு டெய்லரக்கா சூட்டிய பெயர். "அவசரம் வந்தாச்சா?", "அவசரம் துணி காயப்போட்டிருக்கா, தூறுது பாரு, எடுத்து உள்ள போடு" என்று தெரு முழுக்கப் பழகி, கடைசியில் தாலி கட்டினவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். மாமனார் ஒருவர்தான் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். விசேஷ வீடுகளில் நாலு பெண்கள் சேர்ந்தால் போதும், இவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இவளும் விரலை நீட்டி வகுப்பெடுப்பாள்.

"முதல்ல இடத்தைச் சொல்லணும், அப்புறம்தான் விஷயம். எல்லாரும் தலைகீழா பண்றாங்க. ஐயோ அம்மான்னு அழுதுட்டே இருந்தா, நடுவுல லைன் போயிடுச்சுன்னா நாங்க எங்கன்னு வர்றது? நீங்க போன் பண்ணதும் உங்க வாசப்படி எங்க ஸ்கிரீன்ல தெரியும்னு நெனச்சிட்டிருக்கீங்க. தெரியறது ஒரு வட்டம். டவரைச் சுத்தி ஒரு வட்டம், அவ்வளவுதான். ஊருக்குள்ளன்னா நாப்பது தெரு. ஊருக்கு வெளிய போய்ட்டா அந்த வட்டத்துக்குள்ள ஒரு ஏரியே இருக்கும்."

"அப்ப போன் பண்ணவங்களுக்கே திருப்பிப் பண்ணிக் கேக்கறது?" என்று யாராவது கேட்பார்கள்.

"கேக்கலாம், நம்பர் இருந்தா. சிம் இல்லாத போன்லேர்ந்துகூட எங்களுக்கு வரும், தெரியுமா?" இந்த இடத்தில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அதற்காகவே அவள் இதைக் கடைசியில் வைத்திருப்பாள். "சிம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உயிர் இருக்கற எந்த போனா இருந்தாலும் எங்க நம்பரைப் போட்டா போகும்."

அந்தப் பெருமைதான் பின்னால் அவள் காலை வாரியது.

மாமனார் பஸ் கண்டக்டராக முப்பத்தொரு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். பழைய சிநேகிதர்களுக்கு அவர் 'விசில்'. வாயில் விசில் இல்லாத நாளில்கூட வெறும் குரலாலேயே வண்டியை நிறுத்துவார், கிளப்புவார். ஆனால் ஆள் மகா சங்கோஜி. பெண்கள் பக்கம் போய் டிக்கெட் கேட்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார் என்று டிப்போவில் கேலி செய்வார்களாம். மாமியார் போன பிறகு வீட்டில் பகலெல்லாம் தனி. கையில் ஒரு போன் இருந்ததா, மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். உப்பு டப்பா எங்கே, கரண்டு போய்விட்டது உங்கள் பக்கம் இருக்கிறதா, மழை வருமாமே, குடை எடுத்துக்கொண்டாயா. மகன் பிரிட்ஜ், ஏசி மெக்கானிக். ஒருநாள் மூன்றாவது மாடிச் சுவரில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தபோது பாக்கெட்டில் போன் அடித்து, எடுக்கப் போய், கால் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கி எப்படியோ பிழைத்தான். வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்து ஒரே கத்தல்.

அவள்தான் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னாள். "மாமா, உங்களுக்குப் பாட்டுக் கேக்கத்தானே போன்? பாட்டெல்லாம் கார்டுல ஏத்தித் தரேன். சிம்மை எடுத்துடறேன். அவசரம்னா எங்க நம்பருக்கு மூணு பட்டன் தட்டுங்க. சிம் இல்லாமலே போகும்."

"போனா நீ எடுப்பியாம்மா?"

"நானும் எடுப்பேன், பக்கத்து சீட்டுலயும் எடுப்பாங்க. யார் எடுத்தா என்ன?"

அவர் தலையாட்டினார். 'நானும்' என்றதை மட்டும்தான் அவர் காதில் போட்டுக்கொண்டார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

மையம் என்றால் பெரிய மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். நீளமாக ஓர் அறை. ஆறு மேஜை, ஆறு திரை, ஆறு நாற்காலி. அதில் இரண்டுக்கு முதுகுச் சாய்வு ஆடும். செல்போனை வாசலில் இருக்கும் பூட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். தலையில் மைக் மாட்டி உட்கார்ந்தால் எட்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஊரின் அழுகையெல்லாம் காது வழியாக இறங்கும். அதிலும் நிஜ அழுகை நூற்றுக்கு நாற்பதுதான். மீதியில் கரண்டு எப்போது வரும் என்று கேட்பவர்கள் உண்டு, காதல் தோல்வியில் பேச ஆள் தேடுகிறவர்கள் உண்டு, பாக்கெட்டுக்குள் தானாக அழுந்திய போன்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு ரகம், அவர்கள் பாஷையில் 'பொம்மை'.

சிம் எடுத்த பழைய போனை வீட்டில் என்ன செய்வார்கள்? குழந்தை கையில் விளையாடக் கொடுத்துவிடுவார்கள். அது கண்டபடி தட்டும். வேறெங்கும் போகாத அந்த போன் இங்கே மட்டும் வந்து சேரும். திரையில் நம்பர் வர வேண்டிய இடத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள் நிற்கும். திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை. எதிரில் மூச்சுச் சத்தம், எங்கோ ஓடும் பாட்டு, தண்ணீர்ச் சத்தம். பேச்சு இருக்காது.

பேச்சில்லாத அழைப்புக்கென்று ஒரு விதி இருக்கிறது. மூன்று முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஐந்து செகண்டு விட வேண்டும். பிறகு, 'பேச முடியலைன்னா ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்க' என்று சொல்லிப் பத்து செகண்டு காத்திருக்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் 'வெற்று அழைப்பு' என்று பதிந்து மூடலாம். விதி சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. நாற்காலியில் வேறு விதி. பூஜ்யத்தைப் பார்த்ததும் மூன்று கேள்வியையும் பட்டன் வாசகத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். இடைவெளி விடுவது சேர்ந்த புதிதில் மட்டும். அவள் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. இரண்டு மாதம் காய்ந்த பிறகு வந்த மழை. ரோட்டில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வண்டிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேர் சாப்பிடப் போக, மீதி நாலு பேர். வரிசையில் எப்போதும் ஐந்தாறு அழைப்புகள் காத்திருப்பதாகத் திரையின் மூலையில் சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டுக்காரியை எல்லோரும் 'மைக்' என்பார்கள். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் தொண்டை. பன்னிரண்டரைக்கு மேல் அவள் தலையிலிருந்ததைக் கழற்றாமலே அறிவித்தாள். "பொம்மை ஒண்ணு சுத்துது, உஷார். ஹலோன்னா வெச்சிடுது."

"எனக்கும் வந்துச்சு" என்றாள் கோடி சீட்டுக்காரி. "பின்னாடி பாட்டு ஓடுது. தண்ணி சத்தம். எவளோ குழந்தைய பாத்ரூம்ல விட்டுட்டு சீரியல் பாக்கறா."

"எனக்கும்தான்" என்றாள் மூன்றாமவள்.

நாலாவதாக அவளுக்கு வந்தது. பன்னிரண்டு நாற்பத்தொன்று. பூஜ்யங்கள். அந்தச் சமயம் ரயில்வே கேட்டருகே ஒருவன் பைக்கோடு லாரிக்கு அடியில் போயிருந்தான். அவனுக்காக அனுப்பிய வண்டி தண்ணீரில் சிக்கிக்கொண்டதா இல்லையா என்று அவள் பாதி மனசு அங்கே இருந்தது.

"அவசர உதவி மையம் எந்த இடம் ஹலோ எந்த இடம் ஹலோ பேசுங்க எந்த இடம் பேச முடியலைன்னா ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்க."

வைத்துவிட்டாள். வெற்று அழைப்பு என்று தட்டினாள். உடனே சிவப்பில் இருந்த ஆறு ஐந்தாயிற்று. பைக் ஓட்டியவனுக்கு வேறு பக்கத்திலிருந்து ஒரு வண்டியைத் திருப்பி விட்டாள். அவன் பிழைத்துக்கொண்டான் என்று மூன்று மணிக்குச் செய்தி வந்தது. கண்காணிப்பாளர் வந்து, "நல்ல வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. டீக்குத் தொட்டுக்கொள்ள மைக்கின் பிஸ்கட்டில் இரண்டு கூடவே எடுத்துக்கொண்டாள்.

நாலரைக்குத் தெருமுனையில் குடையை மடக்கும்போதே டெய்லரக்கா படியில் நிற்பது தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"எங்கடி போயிட்ட? உன் போனுக்கு எத்தனை தடவை போடறது?"

"பெட்டியில வெச்சிருந்தேன்கா. பஸ்ல கூட்டம், எடுத்தே பாக்கல. என்னாச்சு?"

"பெரியவர் பாத்ரூம்ல விழுந்துட்டார். பதறாத, உயிருக்கு ஒண்ணுமில்ல. இடுப்பு. ரெண்டரை மணிக்குப் பாத்தா படிக்கட்டுல தண்ணி அருவியா எறங்குது, தச்சு வெச்ச துணியெல்லாம் நனையுது. திட்டிட்டேதான் மேல வந்தேன். எங்கிட்ட இருக்கற சாவியப் போட்டுத் தொறந்தா, டிவியில பாட்டு ஓடிட்டிருக்கு, குழாயும் மூடல, மனுஷன் தண்ணிக்குள்ள கெடக்கார். எப்ப விழுந்தாரோ. அந்த மழைச் சத்தத்துல அவர் கத்தினது எனக்கும் கேக்கல, என் மெஷின் ஓடினது வேற." அவள் மூச்சு வாங்கினாள். "உங்க நம்பருக்குத்தான்டி போட்டேன். நீ சொன்ன மாதிரியே முதல்ல இடத்தைச் சொன்னேன். பதினோரு நிமிஷத்துல வந்து நின்னுட்டாங்க. உங்க ஆளுங்க உங்க ஆளுங்கதான்."

கவரில் மாமனாரின் போன் இருந்தது. "குளிக்கப் போகும்போதும் கூடவே கொண்டு போயிருக்கார், கையில இதைப் புடிச்சிட்டே கெடந்தார். விடவே இல்ல. நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன்."

ஆஸ்பத்திரி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேலே ஒழுகியது. கவரிலிருந்து போனை எடுத்துத் துடைத்தாள். சும்மாதான் திறந்து பார்த்தாள். சார்ஜ் அறுபத்திரண்டு காட்டியது. போன அழைப்புகளின் பட்டியலில் அவர்கள் நம்பர் நாலு முறை. பன்னிரண்டு முப்பத்தொன்று. முப்பத்துமூன்று. முப்பத்தாறு. மூன்றும் இரண்டு இரண்டு செகண்டு. நாலாவது பன்னிரண்டு நாற்பத்தொன்று. ஒன்பது செகண்டு.

பாட்டு, தண்ணீர்ச் சத்தம், பொம்மை ஒண்ணு சுத்துது. தன் குரலே அவள் காதில் ஓடியது, ஒரு நிறுத்தமும் இல்லாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். போனை வெட்கங்கெட்ட பொருள் எதையோ ஒளிப்பதுபோலக் கைப்பையின் அடியில் திணித்தாள்.

வார்டில் மாமனாரைப் போர்வைக்குள் போர்வை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஆனாலும் பல் தந்தியடித்தது. தலைமாட்டில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான், வேலைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு.

"ரெண்டு மணி நேரமாவது தண்ணியில கெடந்திருப்பார்ங்கறாங்க" என்றான் அவளிடம். "இடுப்பெலும்பு ஒடஞ்சதுகூடப் பரவாயில்லையாம். குளிர் நெஞ்சுல எறங்கிடுச்சாம். அது தெளியற வரைக்கும் ஆபரேஷன் பண்ண முடியாதுங்கறாங்க. தள்ளிப்போகப் போக நடை வர்றது கஷ்டமாம்." அப்பா பக்கம் குனிந்தான். "ஏம்பா, கையிலதான் போன் இருந்துச்சாமே? இவதான் சொல்லிக் குடுத்திருக்காளே, சிம் இல்லாம போகும்னு. ஏன் போடல?"

மாமனார் மகனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"சார்ஜ் இல்லப்பா" என்றார்.

அவள் கைப்பையில் அறுபத்திரண்டு சதவீதம் சார்ஜோடு அது கிடந்தது. "முகம் கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வராந்தாக் கோடியில் இருந்த கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். போனைத் திறந்து நாலு வரியையும் அழித்தாள். அழிக்கட்டுமா என்று போன் ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அழுத்தினாள்.

புருஷன் மருந்து வாங்கப் போன சமயம் மாமனாரும் அவளும் தனியாக இருந்தார்கள். அவள் கேட்பதற்கு முன்பே அவர் மெல்லப் பேசினார். அந்தக் குரலா ஒரு காலத்தில் பஸ்ஸை நிறுத்தியது என்றிருந்தது.

"மூணு தடவை வேற பொண்ணுங்க எடுத்தாங்கம்மா. துணி இல்லாம கெடக்கேன். முன்ன பின்ன தெரியாத பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? வந்து தூக்கறவங்க நாலு பேரும் பாப்பாங்க. நீ எடுத்தா, விழுந்துட்டேன்னு ஒரு வார்த்தை போதும், மிச்சத்த நீயே பாத்துக்குவ. அதான் உன் குரல் வர்ற வரைக்கும் போட்டேன்."

"நான் எடுத்தேனே மாமா. ஏன் பேசல?"

"பேசத்தான் வாயத் தெறந்தேன். நெஞ்சு அமுங்கிக் கெடந்துச்சா, மூச்சு சேரல. சேக்கறதுக்குள்ள..." அவர் முடிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்துக் காற்றில் லேசாக விசிறினார். "உனக்கு வேலை நெருக்கடின்னு தெரிஞ்சுது, மறுபடி போடத் தோணல. நல்லாத்தான் பேசுன. அவன்கிட்ட சொல்லல. நீயும் சொல்லாத."

அவள் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்வார், அதற்கு அவள் லாயக்கில்லை என்று தோன்றியது. போர்வை நுனியை மெத்தைக்குள் செருகினாள். ஏற்கனவே செருகியிருந்ததை எடுத்து மறுபடி செருகினாள்.

அடுத்து வந்த நாட்கள் ஒரே மாதிரி ஓடின. எட்டிலிருந்து நாலு வரை மையம், நாலிலிருந்து ஆஸ்பத்திரி. கஞ்சி, பிளாஸ்க், நெஞ்சில் சளி கட்டாமலிருக்க முதுகைத் தட்டுவது. டெய்லரக்கா வார்டுக்கு வந்தால் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம் "இவ ஆபீஸ்தான், பதினோரே நிமிஷம்" என்று பீற்றிக்கொள்வாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். புருஷனோ பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். "நான் அன்னிக்கு அப்படிக் கத்தாம இருந்திருந்தா சிம் இருந்திருக்கும், எனக்கே போட்டிருப்பார். சார்ஜ் இருக்கான்னு தினம் ஒரு தடவை பாத்திருக்கலாம். என்ன மகன் நான்?" இதை அவன் சாப்பிடும்போது சொல்வான், பஸ்ஸில் சொல்வான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

எட்டாவது நாள் கண்காணிப்பாளர் அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் மூன்று பதிவுகளைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கேட்டுப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். முதல் இரண்டுக்கும் பத்து. மூன்றாவதை அவர் ஓடவிட்டபோது திரையில் பூஜ்யங்கள் நின்றன.

அவள் குரல் வந்தது. பிறகு பாட்டு, தண்ணீர். கடைசி வார்த்தைக்கும் துண்டிப்புக்கும் நடுவில், நூல் அளவு இடத்தில், ஒருவர் மூச்சை இழுக்கும் சத்தம். பேசுவதற்கு முன்னால் இழுப்பார்களே, அந்த மூச்சு.

"பொம்மைதான்" என்றார் கண்காணிப்பாளர். "கேக்க வேண்டியதெல்லாம் கேட்டிருக்கீங்க. இடைவெளி விடல. அரை மார்க் கொறைக்கிறேன். ஒன்பதரை. பரவாயில்லம்மா, அன்னிக்கு இருந்த நெருக்கடிக்கு இதுவே ஜாஸ்தி."

பதிவோடு வரைபடமும் வந்திருந்தது. அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து மார்க்கெட் வரைக்கும் ஒரு வட்டம். அதற்குள் அவள் வீடும் இருந்தது. இன்னும் நாலாயிரம் வீடும் இருந்தன. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"இந்தப் பதிவை வெளிய குடுப்பீங்களா சார்?"

"எதுக்கு? போலீஸ் கேட்டாக் குடுப்போம். வேற யாருக்கும் இல்ல."

அன்று சாயங்காலம் வார்டு வராந்தாவில் புருஷனைப் பிடித்து நிறுத்தினாள். "நீ உன்னையே திட்டிக்காத. மாமா போட்டார். எங்க ஆபீஸுக்கு நாலு தடவை போட்டார். நாலாவது தடவை நான்தான் எடுத்தேன். குழந்தை விளையாடுதுன்னு வெச்சுட்டேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கோபம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வந்தது கோபமில்லை. "வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

"அப்பா, நீ அன்னிக்கு போன் போட்டியா?"

"எப்படிப்பா போடறது? சார்ஜே இல்லன்னு சொன்னேன்ல" என்றார் மாமனார், கண்ணைக்கூடத் திறக்காமல். "அவ தூக்கம் இல்லாம அலையறா. பாவம், ஏதேதோ தோணுது அவளுக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அவள் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, புருஷன் அவள் கைப்பையிலிருந்து அப்பாவின் போனை எடுத்துத் தட்டினான். பட்டியல் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. "ஒண்ணுமே இல்லையே. நாள் பூரா அந்த அழுகையையே கேட்டுக் கேட்டு உனக்கு எல்லாம் கொழம்பிப்போச்சு. நாளைக்கு லீவு போடு."

'அழிச்சது நான்தான்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒன்பது செகண்டில் வைத்தது தவறு. தவறு யாருக்கும் வரும், சொல்லிவிடலாம். ஆனால் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செய்ததற்கு என்ன பெயர்? அதைச் சொல்ல வாய் வரவில்லை. விழுங்கிவிட்டாள். அவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அவன் தட்டிய இடத்தை வெட்டி எறிந்துவிடலாம்போல இருந்தது.

பதினான்காம் நாள் ஆபரேஷன் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து மாமனார் வீட்டுக்கு வந்தார். நாலு கால் உள்ள கம்பி ஊன்றுகோலைத் தள்ளித் தள்ளி நடந்தார். இனிமேல் அது இல்லாமல் நடை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால், என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். புருஷன் பாத்ரூம் சுவரில் பிடிமானக் கம்பி பொருத்த டிரில் போட்டுக்கொண்டிருந்தான். வீடே அதிர்ந்தது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகன் சிம் போட்டுக் கொடுத்தது.

"அம்மா, இங்க வா" என்றார். "அந்த நம்பருக்குப் போட்டா யார் எடுத்தாலும் சொல்லணும்ல?"

"ஆமாம் மாமா. யார் எடுத்தாலும்."

"ஒருதடவை ஒத்திகை பாத்துக்கறேன். நீ ஆபீஸ்ல கேக்கற மாதிரி கேளு. நான் சொல்றேன்."

அவளுக்கு வேண்டாம் என்றிருந்தது. ஆனால் அவர் அதற்குள் எந்த நம்பரும் போடாத போனைக் காதில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சுவரைப் பார்த்துத் தயாராக உட்கார்ந்துவிட்டார். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவசர உதவி மையம்" என்றாள். "எந்த..."

இடம் என்று அவள் சொல்லி முடிக்கவில்லை. அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொட்டினார்.

"தண்ணித்தொட்டி ஸ்டாப் எறங்கி ரெண்டாவது சந்து டெய்லர் கடை மாடி பாத்ரூம்ல விழுந்துட்டேன் இடுப்பு போச்சு எந்திரிக்க முடியல உடம்புல துணி இல்ல வாங்க."

ஒரே மூச்சு. நடுவில் ஒரு நிறுத்தம் இல்லை. முடித்ததும் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே கண்ணைத் திறந்து, பரீட்சை எழுதினவர் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரியா இருந்துச்சா? நீ வெக்கறதுக்குள்ள சொல்லிட்டேனா?"

டிரில் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாத்ரூம் வாசலில் புருஷன் நின்றுகொண்டிருந்தான். முடியெல்லாம் சிமெண்டுத் தூள். அப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எத்தனை செகண்டுல வெச்ச?" என்று கேட்டான்.

"ஒன்பது" என்றாள். "அந்த லிஸ்டை அழிச்சதும் நான்தான். ஆஸ்பத்திரி பாத்ரூம்ல வெச்சு."

அவன் கையில் இருந்த கம்பியைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

"அவளை ஒண்ணும் கேக்காதடா" என்றார் மாமனார். ரொம்ப நாளைக்குப் பிறகு கண்டக்டர் குரல், கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "மழை நாளு. அவளுக்கு எத்தனை போன் வரும் தெரியுமா?"

அவர் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.